மாடி போர்ஷனுக்குள்ள ஒரு பிளேன்

அபசகுனமா? யாரு, நானா? நல்லா இருக்குதுங்க்கா. பால் காய்ச்ச வந்த எடத்துல ஒரு பொம்பளப் புள்ள சம்மட்டியோட நிக்கறது உங்களுக்கு அபசகுனம். சரி, ஒத்துக்கறேன். ஒரு பிளேன உள்ள வச்சு, சுத்தி செவுரு கட்டி, சுண்ணாம்பு அடிச்சு, அத வாடகைக்கு விட்டது என்ன சகுனமுங்? அதுக்குப் பஞ்சாங்கத்துல பேரு போட்டிருக்குதுங்களா?

நீங்க பால அடுப்புல வையுங்க்கா, நான் தடுக்கவே இல்ல. தாராளமாப் பொங்கட்டும். சார், நீங்க எதுக்குங் எந்திரிச்சு நிக்கறீங், உக்காருங். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கோவம் இல்லைன்னு சொல்லிட்டே கத்தறாளேன்னு பாக்காதீங், என் தொண்டையே இப்படித்தான். நீங்க பாவம், ஊரு மாத்தலாகி வந்திருக்கறீங், வீடு நல்லா இருக்குதுன்னு அட்வான்ஸ் குடுத்துட்டீங். உங்களுக்கு என்ன தெரியும்? அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். தெருக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். அதா, படியில நின்னு எட்டிப் பாக்கறாங்கல்ல, அவங்களுக்குப் பூரா தெரியும், தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டாங்க. மேல வாங்க, எதுக்கு எட்டிப் பாக்கறீங்க, மேலயே வாங்க எல்லாரும்.

அந்த ரெண்டாவது ரூம்ல நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்குதே, அது என்னன்னு போன வாரம் கேட்டீங்கல்ல சார்? எங்கப்பா என்ன சொன்னாரு? "பழைய சாமானுங், ஒரு வாரத்துல எடுத்துடறோம்." நான் படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். பழைய சாமான்! காயலாங்கடைக்காரன்கூட அப்படிச் சொல்ல மாட்டான், அவனாவது தட்டிப் பாத்து என்ன உலோகம்னு கேப்பான்.

இப்ப தார்ப்பாய எடுக்கறேன், பாருங். நல்லாப் பாருங். இது மூக்கு, இங்கதான் எஞ்சின் உக்காரும். எஞ்சின் கீழ என் கட்டிலுக்கு அடியில இருக்குது. இது ஆளு உக்கார்ற எடம், ஒரே ஆளுதான். இது வாலு. எறக்கை ரெண்டும் ஒல்லியா இருக்கும், போன வாரமே சாச்சு வெளிய கொண்டாந்து கயிறு கட்டி எறக்கியாச்சு. இந்த உடம்பு மட்டும்தான் பாக்கி. ஹெலிகாப்டர் இல்லீங் சார். இந்தத் தெருவே ஹெலிகாப்டர் ஹெலிகாப்டர்னு சொல்லி என் உசுர வாங்குது, நீங்களாவது பிளேன்னு சொல்லுங்.

ஆமா, நான்தான் கட்டினேன். காலேஜுல ஏரோ படிக்கறேன், கடைசி வருசம். ரெண்டாவது வருசத்துல நாலு பேரா சேந்து ஆரம்பிச்சோம். மத்த மூணு பேரும் போயிட்டாங்க. ஒருத்தன் வெல்டிங் ஒழுங்கா வைக்கல, சொன்னேன். ஒருத்தி பிளானத் தப்பாப் படிச்சா, சொன்னேன். இன்னொருத்தன் நான் சொல்ற தொனி சரியில்லைன்னான், அவனுக்கும் சொன்னேன். எல்லாம் என் வாயாலதான் போச்சுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. வாயால வெல்டிங் விட்டுப் போகுமுங்களா?

எங்க நின்னேன்? ஆ, மாடி. இது வீடே இல்லீங்க்கா. மொட்ட மாடி. வெறும் மொட்ட மாடி. நாலு பக்கமும் காத்து, மேல ஆகாசம். கெழக்க படி, மேக்க ரோடு. பிளேன் முடிஞ்சா மேக்கால ரோட்டுல ஒரு கிரேன் வந்து நிக்கும், அலுங்காமத் தூக்கி லாரில வச்சிரும். இதான் பிளான். மொத நாள்ல இருந்து இதான், அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

ஐப்பசி மழை வந்துச்சு. "அப்பா, மேல ஒரு ஷீட்டு போட்டுக் குடுங்க"ன்னு கேட்டேன். ஒரு ஷீட்டு. கேட்டது தப்பாங்? எங்கப்பா காத்தாடிக் கம்பெனில வேல பாக்கறாரு, அதா, ஊரச் சுத்தி கரண்டு எடுக்கற காத்தாடி காத்தாடியா நிக்குதுல்ல, அதுல மேல ஏறி ரிப்பேரு பாக்கற ஆளுங்களுக்கு சூப்பர்வைசரு. அந்த மனுசன் ஷீட்டு போடறதுன்னா சும்மா போடுவாரா? இரும்புத் தூணு, காங்கிரீட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாசரு. புயலே வந்தாலும் ஷெட்டு அசையாது, நாம அசைஞ்சிருவோம்.

அந்த ஷெட்டு முடியற வரைக்கும் பிளேன்ல ஒரு வேலையும் ஓடல. ஏன்னு கேளுங். மேஸ்திரி மாரப்பன் வாட்டத்தத் தப்பா வச்சாரு. தண்ணி கெழக்க ஓடோணும், அவரு தெக்க வச்சாரு. நான் ரசமட்டத்த எடுத்துட்டுப் போயி நின்னேன். "நீ போயி உன் வேலையப் பாரு அம்மணி, நாங்க உன்ற வயசுக்கு முந்தியே ஷெட்டு போட்டவங்க"ன்னாரு. நான் எப்படிங் போறது? கண்ணு முன்னாடி தப்பு நடக்குது. நாலு நாளு சண்ட போட்டேன். பிரிச்சு மறுபடி போட வச்சேன். அப்புறம் பெயிண்டு கலரு, அதுக்கொரு சண்ட. அந்த வருசமே அதுல போச்சு. இது யாரால? எங்கப்பாவாலதான். ஒழுங்கான மேஸ்திரியக் கூட்டிட்டு வந்திருந்தா நான் எதுக்குங் அங்க நிக்கப் போறேன்?

அடுத்தது வடகம். சிரிக்காதீங்க்கா, கேளுங். எறக்கை எலும்புக்கு மேல துணி போத்தோணும். வெள்ளத் துணி, நல்லா இழுத்து, சுருக்கமே இல்லாம. அப்புறம் டோப்புன்னு ஒரு பெயிண்டு அடிச்சா தோலு மாதிரி இறுகிக்கும். மேல் பக்கம் துணி போத்தி, ஷெட்டுக்கு வெளிய ரெண்டு ஸ்டூலு மேல படுக்க வச்சுட்டு, பரீட்ச எழுதப் போயிட்டேன். சித்திர வெயிலு. எங்கம்மா மேல வந்து பாத்திருக்காங்க. வெள்ளத் துணி, விரிச்ச துணி, இறுக்கின துணி, அதுவும் வெயில்ல. வந்து பாக்கறேன், எறக்கை பூரா கூழ் வடகம். வரிசை வரிசையா, ஓமம் போட்டு. அதோட விட்டாங்களா? காஞ்சதும் உரிச்சு எடுக்கறதுக்கு, வேட்டிக்குத் தெளிக்கற மாதிரி அடிப்பக்கமா தண்ணியத் தெளிச்சு ஊற வச்சிருக்காங்க. "இவ்வளவு நல்லா வெச்சிருந்தியே அம்மணி, எனக்காகத்தான் கட்டி வெச்சியோன்னு நெனச்சேன்"னு சொல்றாங்க. உப்பும் கஞ்சியும் ஊறின துணி மேல டோப்பு புடிக்குமா? மொத்தத் துணியும் கிழிச்சுப் போட்டேன். வடகம் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விசயம்.

அன்னைக்குத்தான் செவுரு கேட்டேன். ஆமா சார், நான்தான் கேட்டேன், மறைக்கல. கதவும் பூட்டும் கேட்டேன். ஆனா தெக்கால ஒண்ணு, வடக்கால ஒண்ணு, படிப் பக்கம் கதவு வச்சு ஒண்ணு. மேக்கால தொறந்து கெடக்கோணும். தெளிவாச் சொன்னேன். புறா வந்து எச்சம் போடுதுன்னும் சொன்னேன். சாரல் அடிக்குதுன்னும் சொன்னேன், அது வேற. சாரலுக்கு ஒரு படுதா கட்டினாப் போதும். செங்கல்ல படுதா கட்டுவாங்களா யாராச்சும்?

கதவு அளவா? அதுக்குத்தான் வரீங்கன்னு தெரியும். எங்கம்மா உங்ககிட்ட ஏற்கெனவே ஓதியிருப்பாங்க. ஆமா, கதவு அளவு நான்தான் குடுத்தேன். பிளேன் உடம்ப டேப்பு வச்சு அளந்து, ரெண்டு பக்கமும் கையளவு விட்டு, எழுதிக் குடுத்தேன். அப்ப இதுக்குச் சக்கரம் மாட்டற காலு வைக்கலைங்க்கா! காலு அப்புறம்தான் வெல்டிங் வச்சேன். காலு இப்படி விரிஞ்சுதான் நிக்கும், அதுக்கு நான் என்ன பண்றது? காலு வைக்கப் போறியான்னு ஒருத்தராச்சும் என்னைக் கேட்டிருக்கோணுமா வேண்டாமா?

செவுரு எழும்பினதும் அம்மா வாஸ்துக்காரரக் கூட்டிட்டு வந்தாங்க. பிளேன் மூக்கு தெக்க பாத்து நிக்குதாம், தெக்க எமன் தெசையாம். "ஆகாசத்துல போற சாமானத்துக்கு வாஸ்து ஏதுங்?"ன்னு கேட்டேன். "ஆகாசத்துல போனப்புறம் பாத்துக்கலாம் கண்ணு, இப்ப வீட்டுக்குள்ளதான இருக்குது"ன்னாரு. தூக்கித் திருப்பி வச்சோம். திருப்பினதுல அடியில வச்ச மட்டமெல்லாம் போச்சு, மறுபடி மொதல்ல இருந்து மட்டம் புடிச்சேன்.

அப்புறம் கை கழுவ ஒரு பேசின் கேட்டேன். பசை கையில ஒட்டுது, ஒவ்வொரு தடவையும் கீழ எறங்கி ஏறோணும். பேசின்தான் கேட்டேன். வந்தது பாத்ரூம். டைல்ஸு, கெய்சரு, வெஸ்டர்னு. குழாய் போகறதுக்குத் தரைய ஒடைச்சாங்க, சரியா நான் எறக்கை வச்சு வேல செய்யற எடத்துல. வீடு பாக்க வந்தப்ப அந்த பாத்ரூம்ல கொழாயத் தொறந்து பாத்திருப்பீங்கல்ல? சுடுதண்ணி நல்லா வந்துச்சுங்களா? வரும். அதுல என்னோட ஒரு செமஸ்டர் ஓடுது.

இவ்வளவுக்கும் நான் பொறுத்தேன். மேக்கால தொறந்துதான கெடக்குதுன்னு பொறுத்தேன்.

ஒரு நாளு அப்பா டூட்டி முடிஞ்சு நேரா மேல வந்தாரு. யூனிபாரம்கூட மாத்தல. நான் பசை போட்டு எலும்பு ஒட்டிட்டு இருக்கேன். சுத்திச் சுத்திப் பாத்தாரு. வாலத் தொட்டாரு, அந்த சீட்ட அமுக்கிப் பாத்தாரு. "மேல போயி எஞ்சின் நின்னுட்டா என்ன அம்மணி பண்ணுவே?"ன்னு கேட்டாரு. "மிதந்து வரும்ப்பா, கீழ வெறுங்காடாப் பாத்து எறக்கிக்கலாம்"னேன். "வெறுங்காடு இல்லைன்னா?" "இல்லைன்னா இல்ல"ன்னேன். பின்ன என்னங்க்கா, பசை காஞ்சுட்டு இருக்குது, அந்த நேரத்துல வந்து கேள்வி. அவரு வாலப் புடிச்சு ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாரு. அப்புறம் எறங்கிப் போயிட்டாரு. மறுவாரம் செங்கல் வந்து எறங்குச்சு. பாத்துக்கங்க. நான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்கேன், அவரு காதுலயே வாங்கல. மனசு பூரா செங்கல்லு.

எதுக்குச் செங்கல்னு கேட்டேன். "கீழ வாசல்ல மேடை கட்டோணும்"னாரு. நம்பினேன். அப்ப எனக்கு பெங்களூர்ல இன்டர்ன்ஷிப்பு. போயிட்டேன். தெனமும் போன் பண்றேன், தெனமும் "சாப்ட்டியா"ங்கறாரு, செவுருன்னு ஒரு வார்த்தை வரல. திரும்பி வந்து பேக்கத் தோள்ல இருந்து எறக்காம மேல ஓடி வரேன். மேக்கால செவுரு. கட்டி, பூசி, வெள்ளை அடிச்சு, ஜன்னலு வச்சு, ஜன்னலுக்குக் கிரில்லு வச்சு, ஆணி அடிச்சு ஒரு காலண்டரும் மாட்டியிருக்குது. நடுவுல ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் சமையல்கட்டு. பிளேன் ஒரு மூலையில, தார்ப்பாய் போட்டு. கட்டிப் போட்ட மாடு மாதிரி.

"என்னங்கப்பா இது?"ன்னேன். "சாரல் அடிக்குதுன்னு நீதான சொன்ன"ன்னாரு.

எப்படிப் பேச்சு? சாரலாம்!

நான் நாலு வார்த்தை கேட்டேன். நாலு வார்த்தைதான். தெருவுக்கே கேட்டுச்சுன்னு சொல்றாங்க, கேட்டா கேக்கட்டும். வாடகை ஆசையில பெத்த புள்ள வேலைய மண்ணு போட்டு மூடிட்டீங்கன்னு சொன்னேன். அவரு மறுத்துப் பேசவே இல்லீங்க்கா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, வாடகைதான்னு. இல்லைன்னா மறுத்திருப்பாருல்ல?

கழட்டி எடுத்துடலாம்னு அப்பா உங்ககிட்டச் சொன்னாரா சார்? வந்து தட்டிப் பாருங். இது வெல்டிங் வச்ச கம்பிக் கூடு. கழட்டறதுன்னா அறுக்கறதுன்னு அர்த்தம். "அறுத்து எறக்கிக்கலாம், கீழ வச்சு ஒட்டிக்கோ"ன்னு எங்கிட்டயே சொன்னாரு. காத்தாடி ரெக்கையில மயிரு கனத்துக்கு விரிசல் தெரிஞ்சாலும் மிசின நிறுத்திடற மனுசன், ஒட்டிக்கோங்கறாரு.

இன்னைக்கே என்ன அவசரம்னு கேக்கறீங்களா? சொல்றேன். உடுமல ரோட்டுல ஒரு மில்லுக்காரரு தோட்டத்துக்குள்ள சொந்தமா ஒரு ஓடுபாதை வச்சிருக்காரு. பிளேன அங்க கொண்டு போயி நிறுத்தினா, விமான இலாகா ஆபீசரு வந்து பாத்து, கம்பி கம்பியாத் தட்டிப் பாத்து, சரின்னா பறக்க பர்மிட்டு. மொதத் தடவ அவரு வரேன்னப்ப இங்க பாத்ரூம் குழி. ரெண்டாவது தடவ வரேன்னப்ப இந்தச் செவுரு. போன் பண்ணி, "சார், எங்க வீட்டுல பூச்சு காயலைங்க, தேதிய மாத்திக் குடுங்க"ன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கறது கேட்டுச்சு. இப்ப மூணாவது. திங்கக்கெழம. இதையும் விட்டா ஃபைல மூடிருவாங்க, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கோணும். நான் அப்ப காலேஜுல இருக்க மாட்டேன். எங்கியோ ஒரு ஐடி கம்பெனில உக்காந்திருப்பேன், இல்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா இந்த பிளேனத்தான் மொதல்ல மறைப்பாங்க, அதுக்கும் தார்ப்பாய் தயாரா இருக்குது.

அதனாலதான் கீழ கிரேன் நிக்குது. அதா ஆரன் அடிக்கறாரு பாருங். கிரேன்காரண்ணா, செத்த பொறுங்க, பேசிட்டு இருக்கோம்! உங்க நல்ல நேரமும் அவரு வந்த நேரமும் ஒண்ணா விழுந்துருச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல. பால் காய்ச்சறது இன்னைக்குன்னு எங்கிட்ட யாரு சொன்னாங்க? தேதி குறிச்சது அப்பா. கிரேன் வர்ற தேதி தெரிஞ்சு குறிச்சாரு. நல்ல நாள்ல செவுத்த இடிக்க மாட்டேன்னு ஒரு கணக்கு. என்னப் பெத்தவருக்கே என்னத் தெரியல.

அம்மா, நீங்க சும்மா இருங்க. சக்கரைய வச்சுட்டு அந்தப் பக்கம் நில்லுங்க.

என்னங்க்கா? என்ன சொன்னீங்? சத்தமாச் சொல்லுங், எல்லாத்துக்கும் கேக்கட்டும்.

பயமா? யாருக்கு, எங்கப்பாவுக்கா?

ஐயோ, சிரிப்புக் காட்டாதீங்க்கா. எங்கப்பா யாருன்னு தெரியாமப் பேசறீங். இந்த ஊரு காத்தாடி உச்சியில நின்னு டீ குடிக்கற மனுசனுங். கீழ பாத்தா மாடு எறும்பு மாதிரி தெரியும்னு சின்ன வயசுல எனக்குக் கதை சொல்லுவாரு. அவருக்கு என்ன பயம்? தனக்குன்னா பெல்ட்டக்கூட சில நாளு ஏனோதானோன்னு மாட்டுவாரு. கூட வர்றவங்களத்தான் கயிறு இழுத்துப் பாக்காம மேல விட மாட்டாரு, ஒருத்தருக்கு ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாரு, பசங்க திட்டுவாங்க. முன்ன ஒரு தடவ இவரு லீவு போட்ட அன்னைக்கு, ஒரு ஆளு அவசரப்பட்டு கொக்கிய மாட்டாம ஏறிட்டாரு. விழுந்துட்டாரு. அதுல இருந்து இவரு லீவே போடறதில்ல. என் ஆண்டு விழாவுக்கு வந்ததில்ல, நான் மெடல் வாங்கினப்ப வந்ததில்ல, காய்ச்சல் வந்தாலும் டூட்டிதான். அந்தக் கோவமே எனக்கு இன்னும் ஆறல. பயந்த ஆளு இப்படியெல்லாம் பண்ணுவாருங்களா? பயந்தா வீட்டுலல்ல உக்காந்திருப்பாரு?

கேட்டீங்களாப்பா? உங்களுக்குப் பயமாம். சிரிங்க. இந்த அக்காவுக்கு உங்களப் பத்தி என்ன தெரியும், வந்து ஒரு மணி நேரம் ஆகல. சிரிச்சுட்டு, இல்லைன்னு சொல்லுங்க.

ஏனுங்கப்பா.

எதுக்குத் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? எதுக்கு ரெண்டு கையையும் பின்னால குடுத்து மேக்காலச் செவுத்துல ஒட்டிட்டு நிக்கறீங்க? நான் வந்ததுல இருந்து அங்கியேதான் நிக்கறீங்க. பால் காய்ச்சற எடத்துக்குக்கூடப் போகல. நான் கவனிக்கலைன்னு நெனச்சீங்களா?

வாடகைன்னு அன்னைக்குச் சொன்னேன்ல, அப்ப ஏன் வாயத் தொறக்கல? நான் உங்களத் தெருவுக்கே கேக்கற மாதிரி அசிங்கமாப் பேசினேன், அத வாங்கிட்டு நின்னீங்க. பேராசைக்காரன்னு புள்ள நெனச்சாலும் பரவால்லன்னு நின்னீங்களா? அது என்னங்கப்பா புத்தி? நான் படிச்சவ, எங்கிட்ட உக்காந்து பேசியிருந்தா, காத்து எப்படி, எஞ்சின் எப்படி, எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்ல. கேக்கலியே நீங்க! ஒரு வார்த்தை கேக்காம செங்கல்ல எறக்கிட்டீங்க!

அம்மா, உங்கள சும்மா இருக்கச் சொன்னேன். அவருக்கு வாய் இருக்குது. அழறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்.

இங்க பாருங்கப்பா, சம்மட்டியக் கீழ வச்சுட்டேன். நீங்க அங்க நிக்கற வரைக்கும் நான் ஓங்க முடியாது, அது உங்களுக்கும் தெரியும். ஆனா நான் எறங்கியும் போக மாட்டேன். கிரேன் நிக்கட்டும். ஆபீசரு காத்திருக்கட்டும். தனியா ரூமுக்குக் கூப்புட்டுச் சொல்ற வேலையெல்லாம் வேண்டாம், தனியாக் கேட்டா நீங்க டைல்ஸப் பத்திப் பேசுவீங்க. இந்தத் தெருவுல ஒவ்வொருத்தரும் என்னப் பாத்து, பிளேன் எப்ப பறக்கும், பிளேன் எப்ப பறக்கும்னு சிரிச்சாங்கல்ல, அவங்க பூராப் பேரும் இப்ப இங்க நிக்கறாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. நான் அதுல ஏறக் கூடாதுன்னுதான் இந்தச் செவுத்தக் கட்டினீங்களா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னா அங்க இருந்து நகருங்க. சத்தமா, கீழ இருக்கற கிரேன்காரருக்கும் கேக்கற மாதிரி.

சொல்லுங்கப்பா.